கருப்புப் பட்டைக்குக் கீழே ஒரு மீசை

நான் ஓய்வு பெற்ற வருடம் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தவள் மீனாட்சி. இப்போது வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களைத் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர்கள் கம்பெனியில் ‘நோயாளியின் சம்மதம் பெறப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் டிக் போட்டால்தான் கட்டுரை அடுத்த மேசைக்குப் போகுமாம். “உங்க காலத்துல இந்த மாதிரி எதிக்ஸ் எல்லாம் கிடையாதுல்ல மேடம்?” என்று கேட்டாள்.

கட்டம் கிடையாது என்றேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. கட்டம் இல்லைதான். ஆனால் டாக்டரம்மா இருந்தார். அதைச் சொல்லாமல் அவளை அனுப்பிவிட்டோமே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. மறுநாள் போன் செய்து சொன்னபோது, எழுதியே கொடுங்கள், எங்கள் கம்பெனிப் பிள்ளைகள் படிக்கட்டும் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் ஹையர். கல்யாணமாகி ஆவடிக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு குவார்ட்டர்ஸில். அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்க ஆள் தேடினார்கள். போனேன், எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு வருடம் சோப்பு உறையும் கல்யாணப் பத்திரிகையும் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கண் மட்டும் பழகியது.

அந்த அச்சகத்தின் முன்னறையில்தான் டாக்டர்கள் சங்கம் ஒன்று நடத்திய மருத்துவ இதழின் அலுவலகம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும், முழுக்க ஆங்கிலம். ஆசிரியர் டாக்டரம்மா. காலையில் பூந்தமல்லியில் தன் கிளினிக்கைப் பார்த்துவிட்டு மத்தியானம் பஸ்ஸில் வருவார். ஸ்டெதாஸ்கோப்பும் டிபன் டப்பாவும் ஒரே பையில் இருக்கும். தனக்கு உதவிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அச்சக முதலாளியிடம் கேட்டு என்னை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டார். “உனக்கு மெடிசின் தெரியாது, அதான் நல்லது. தெரிஞ்ச மாதிரி நடிக்க மாட்டே” என்றார். பாராட்டா, திட்டா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

எங்கள் வேலை இப்படி. கட்டுரை தபாலில் இரண்டு பிரதி வரும். எழுதியவர் பெயர் இருக்கும் முதல் தாளை நான் பிரித்து எடுத்துப் பீரோவில் வைத்துவிடுவேன். பெயரில்லாத பிரதிகள் இரண்டு டாக்டர்களிடம் அபிப்பிராயத்துக்குப் போகும். இரண்டு பேரும் சரி என்றால் டாக்டரம்மா சிவப்பு மசியில் திருத்தி அச்சுக்குக் கொடுப்பார். பக்கமாகக் கட்டுவதற்கு முன் நீளமாக ஒரு புரூஃப் எடுப்பார்கள், அதற்குக் காலிப் புரூஃப் என்று பெயர். அதை முதலில் படிப்பவள் நான். அதுவரை உறை ஒட்டுவதோடு சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பெயரை எடுத்துவிட்டால் யார் எழுதியது என்று தெரியாது என்பது ஏற்பாடு. ஆனால் டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு முறை சானடோரியம் டாக்டர் ஒருவர், அனுப்பிய கட்டுரையை வந்த வேகத்தில் திருப்பி அனுப்பினார். ‘இதை எழுதியது யார் என்று எனக்குத் தெரிகிறது. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் நியாயமாக இருக்காது’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். டாக்டரம்மாவுக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். என்னையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். இன்னொரு டாக்டர், மாற்றலாகிப் போன தன் உதவியாளரின் பெயரை எடுத்துவிட்டுத் தன் மைத்துனர் பெயரைச் சேர்த்து அனுப்பினார். டாக்டரம்மா அவருக்குப் பதில் எழுதவே இல்லை. கட்டுரையை அந்த உதவியாளரின் புது விலாசத்துக்கே அனுப்பி, இது யாருடையது என்று கேட்டார். டாக்டரம்மா கோபித்துக்கொள்ள மாட்டார், சத்தம் போட மாட்டார். கேள்வி கேட்பார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலிப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுநோயின் ஆரம்ப நிலை பற்றிய கட்டுரை. எழுதியவர் பட்டணத்தில் பெயர் பெற்ற டாக்டர், சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். சீக்கிரமே கண்டுபிடித்தால் மருந்திலேயே குணமாகிவிடும் என்று காட்டுவதற்கு ஒரு நோயாளியின் கதையைச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி வயது, தொழில், சொந்த ஜில்லா, பெயரின் முதலெழுத்துகள் எல்லாம் இருந்தன. திருநெல்வேலி ஜில்லாக்காரர். சென்னைக்கு மேற்கே ஒரு ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். விரலுக்கு அடியில் கட்டை தட்டுப்படவில்லை என்று உணர்ந்துதான் முதலில் டாக்டரிடம் வந்தார் என்று எழுதியிருந்தது.

பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் குவார்ட்டர்ஸில் ஆயுத பூஜைக்குப் புல்புல்தாரா வாசிக்கும் திருநெல்வேலி ஃபிட்டர் ஒரே ஒருவர்தான் உண்டு. எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். குமரேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பார், என்னை மதினி என்பார்.

படம் எங்கே என்று தேடினேன். படங்களை வழவழப்பான ஆர்ட் பேப்பரில் தனியாக முதலிலேயே அடித்துவிடுவார்கள், பைண்டிங்கின்போது நடுவில் சேர்ப்பார்கள். உள்ளே போய் ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். கன்னத்திலும் காதிலும் இருந்த தேமலைக் காட்டுவதற்காக முகத்தைப் படம் எடுத்திருந்தார்கள். ஆள் தெரியாமலிருக்கக் கண்ணுக்கு மேல் ஒரு கருப்புப் பட்டை. எல்லா மருத்துவ இதழிலும் அப்படித்தான் செய்வார்கள். பட்டைக்குக் கீழே குமரேசனின் முறுக்கு மீசை நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

அந்த நாளில் எங்கள் குவார்ட்டர்ஸில் அந்த வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீட்டுக் குடம் குழாயடியில் தனியாக நிற்கும். குமரேசனுக்கு அப்பா அம்மா இல்லை, தங்கை வள்ளி மட்டும்தான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் கல்யாணப் பத்திரிகையை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம், நான்தான் புரூஃப் பார்த்துக் கொடுத்தேன். எங்கள் இதழோ, அவருடைய தொழிற்சாலை டிஸ்பென்சரிக்கு ஒவ்வொரு முறையும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. மருந்துக்குக் காத்திருப்பவர்கள் புரட்டிப் பார்க்கும் மேசையில் அது கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, படம் பார்க்கத் தெரியாதா?

டாக்டரம்மா வந்ததும் தாளோடு போய் நின்றேன். “அம்மா, இந்தப் படத்துல இருக்கறவரை எனக்குத் தெரியும். அவர் எங்க...”

கையை உயர்த்தினார். “நிறுத்து. பேரைச் சொல்லாதே.”

“இல்லம்மா, அவர் தங்கச்சிக்கு...”

“சரோஜா, எனக்கு அவர் யாருன்னு தெரிய வேண்டாம். நீ பார்த்ததும் கண்டுபிடிச்சே இல்ல, அது போதும்.” தாளை வாங்கிப் பார்த்தார். “கண்ணை மறைச்சாச்சு, முடிஞ்சுதுன்னு நானும்தான் கையெழுத்துப் போட்டேன். டாக்டர்ங்க மட்டும்தானே படிக்கப் போறாங்கன்னு நினைச்சுட்டேன். இதை இதுவரைக்கும் யார் யார் பார்த்திருப்பாங்க?”

இதுதான் அவருடைய கேள்வி. நான் யோசித்துச் சொன்னேன். படத்தைப் பிளாக்காக, அதாவது உலோக அச்சாக, செய்தவர், மெஷினில் ஓட்டியவர், தாள் எண்ணிய பெண்கள். சொல்லும்போதே இன்னொன்று ஞாபகம் வந்தது. மை சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காக முதலில் ஓட்டும் தாள்கள் வீணாகும். அந்த வேஸ்ட்டைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துப் போவார். அவரிடமிருந்து அது அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் பொட்டலம் மடிக்கப் போகும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் எங்கள் இதழில் மடித்த வேர்க்கடலையை நானே எத்தனையோ முறை வாங்கித் தின்றிருக்கிறேன்.

ஃபோர்மேன் துரைக்கண்ணுவிடம் ஓடினேன். கள்ளிக்குப்பத்துக்காரர், அச்சகத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு துரும்பு நகராது.

“இன்னாம்மா, மூஞ்சே செரியில்ல?”

“அண்ணே, இந்த ஆர்ட் பேப்பர் வேஸ்ட் எங்க?”

“அத்த காலைலயே தூக்கிகினு பூட்டான்மா. இன்னாத்துக்கு?”

நோயாளி படம், வெளியே போகக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார். “வா, அவன் கடை ஸ்டேஷனாண்டதான் கீது” என்றார்.

பழைய பேப்பர்காரர் சாவகாசமாகச் சொன்னார், அந்தக் கட்டை ஆவடி ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் பஜ்ஜிக் கடைக்குக் கொடுத்தாயிற்று என்று. தொழிற்சாலை ஷிப்ட் விட்டால் சைக்கிளில் வரும் பாதிப் பேர் அந்தக் கடையில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். குமரேசன் முகத்திலேயே பஜ்ஜியை மடித்து அவருடைய கூட்டாளிகள் கையில் கொடுக்கப்போகிறார்கள். மின்சார ரயிலில் நான் உட்காரவே இல்லை, வாசலிலேயே நின்றுகொண்டு வந்தேன்.

கடைக்கு வந்தபோது எண்ணெய் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. துரைக்கண்ணு விசாரித்தார்.

“அந்த வழவழா பேப்பரா?” என்றார் கடைக்காரர். “அத்த ஏன் கேக்கறே அண்ணாத்தே. எண்ணெய இழுக்கவே மாட்டேங்குது. பஜ்ஜிய வெச்சா வழுக்கிகினு ஓடுது. ஒண்ணு மடிச்சேன், சட்டையெல்லாம் எண்ணெ. அப்பால தூக்கிப் போட்டுட்டேன், தோ பெஞ்சுக்குக் கீய கீது பாரு.”

கட்டு அப்படியே இருந்தது. மடித்துப் பார்த்த அந்த ஒன்றும் அடுப்புக்குள் போய்விட்டதாம். சாமி கும்பிடும் பழக்கம் எனக்கு அவ்வளவாகக் கிடையாது, ஆனால் அந்த வழவழப்பான காகிதத்தைக் கண்டுபிடித்த புண்ணியவானைக் கும்பிடலாம் போலிருந்தது. கட்டை இழுத்து மேலே வைத்தேன். அதே சமயம் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. கயிறு தேடுவதற்குள் சைக்கிள்கள் வந்துவிட்டன. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கட்டைப் பெஞ்சின் மேல் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“மதினி, இங்கன என்ன செய்யுதிய?”

குமரேசன் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“பஜ்ஜி தின்னணும்னு தோணிச்சு தம்பி” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

“நல்லாத் தின்னுங்க. இன்னிக்கு நான் வாங்கித் தாரேன். வள்ளி கல்யாணத்துக்கு ரெண்டு நாளு முன்னமே வந்துரணும் மதினி. வீட்டுல பெரியவ யாரு இருக்கா, நீங்கதானே எல்லாம் எடுத்துச் செய்யணும்?”

சரி என்று தலையாட்டினேன். அவர் முகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அவர் வாங்கிக் கொடுத்த பஜ்ஜியைத் தின்றேன். அப்போது தற்செயலாகத் துரைக்கண்ணுவைப் பார்த்தேன். அவருக்குக் குமரேசனை முன்பின் தெரியாது. ஆனால் அவர் அந்த மீசையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உடனே கடைக்காரர் பக்கம் திரும்பி வாழைக்காய் ஏன் இவ்வளவு தடிமனாகச் சீவியிருக்கிறது என்று சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

கட்டோடு திரும்பி ரயில் ஏறிய பிறகுதான் பேசினார். “யம்மா, நான் யாரையும் பாக்கல. பஜ்ஜி துன்னேன், அவ்ளோதான். ஆனா ஒண்ணு. படத்த மிஷின்ல ஓட்டனவன் நானு. கருப்பு இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வரட்டும்னு நானே மை ஏத்தி விட்டேன். அத்தினி கருப்பு இருந்தும் ஒரே பார்வைல தெரிஞ்சிப்பூட்ச்சே.”

நடந்ததையும், டிஸ்பென்சரி மேசையில் எங்கள் இதழ் கிடப்பதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். படத்தில் இருப்பவரை முன்பின் தெரியாத துரைக்கண்ணுவே கண்டுபிடித்துவிட்டார் என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மீதித் தாள்களை எல்லாம் கட்டிங் மெஷினில் போட்டுக் கீற்றுக் கீற்றாக வெட்டச் சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். பிளாக்கைத் துரைக்கண்ணு அரத்தால் தேய்த்தார். அதற்குப் பிறகுதான் கட்டுரை எழுதிய டாக்டருக்குப் போன் போட்டார்.

மறுநாளே அவர் காரில் வந்து இறங்கினார். நான் என் மேசையில் புரூஃப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன், ஒரு எழுத்தும் ஓடவில்லை. மோசமான மனிதர் அல்ல. எத்தனையோ பேரைக் குணப்படுத்தியவர். அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது.

“இது குணமாகற வியாதின்னு ஊருக்குச் சொல்லத்தானே எழுதறேன். நீங்களே மறைக்கச் சொன்னா எப்படிம்மா? அந்த ஆள்கிட்டக் கேட்டுட்டுத்தான் படம் எடுத்தேன். தலையாட்டினார்.”

“எதுக்குத் தலையாட்டினார் டாக்டர்? படம் எடுக்கவா, அச்சடிக்கவா?”

டாக்டரம்மா புரூஃபை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“தொழில், ஊர், வாத்தியம் எதுவும் வேண்டாம். நோய் இருக்கு, கொடுத்த மருந்து இருக்கு, அது போதும்.”

“வாத்தியம்தான்மா கேஸே. வேணும்னா புல்புல்தாராவை கிளாரினெட்னு மாத்திடலாம். திருநெல்வேலியை கோயமுத்தூர் ஆக்கிடலாம்.”

“மாத்தக் கூடாது. இல்லாததை உண்மைன்னு அச்சடிக்க எனக்கு அதிகாரம் இல்ல, நாளைக்கு இன்னொரு டாக்டர் இதை நம்பி எழுதுவார். இருக்கறதை விட்டுடலாம், அதுல பொய் இல்ல. விரல்ல உணர்ச்சி குறைஞ்சதை வேலையின்போது கவனிச்சார்னுகூட வேண்டாம், கவனிச்சார்னு போதும்.”

நிர்வாகக் குழுவில் இதைப் பேசவேண்டியிருக்கும் என்றார் அவர். ஆசிரியர் பதவியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது. டாக்டரம்மா பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தார். எல்லாவற்றையும் வெட்டியபோது ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

“தாராளமாப் பேசுங்க. அதுக்கு முன்னாடி இதை அவர்கிட்டக் காட்டுங்க. இது அவர் ஃபேக்டரி டிஸ்பென்சரி மேசையில கிடக்கும்னு சொல்லுங்க. அதுக்கப்புறமும் சரின்னா நான் பிளாக் செலவை ஏத்துக்கிட்டு அப்படியே அடிக்கறேன்.”

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. வீட்டுக்காரர் என்ன என்ன என்று கேட்டார், தலைவலி என்றேன். அவரும் குமரேசனும் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை செய்பவர்கள், எப்படிச் சொல்வது? குழாயடியில் வள்ளி என் குடத்துக்கு முதலில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள். நான் குடத்தை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வருவேன்.

ஒரு மத்தியானம் அந்த டாக்டர் மறுபடி வந்தார். இம்முறை குரலில் கோபம் இல்லை. தாளை டாக்டரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

“காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒண்ணு கேட்டார். ‘சார், இந்தப் பட்டை என் கண்ணைத்தானே மறைச்சிருக்கு. பாக்கறவன் கண்ணை மறைக்கலியே’ன்னார்.” நாற்காலியை விட்டு எழுந்தார். “நீங்க சொன்ன மாதிரியே போடுங்கம்மா. இனிமே குழுவிலயும் இதையே விதியா வெச்சுக்கலாம்னு நானே சொல்றேன்.”

அவர் போனதும் டாக்டரம்மா அந்தக் கடைசித் தாளைக் கிழித்துத் தன் காலி டிபன் டப்பாவுக்குள் போட்டு மூடினார். வீட்டில் போய் அடுப்பில் போட்டுவிடுவதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நிம்மதியில்தான். “மூக்கைச் சிந்திட்டு காலிப் புரூஃபை எடு” என்றார்.

இதழ் வந்தது. டிஸ்பென்சரி மேசைக்கும் போனது. கட்டுரையில் ‘ஓர் ஆண் நோயாளி’ என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு முகம் வரும் படம் எதுவானாலும், அச்சிட்ட தாளையே நோயாளியிடம் காட்டி, அது எங்கெல்லாம் போகும் என்று சொல்லிக் கேட்ட பிறகுதான் எங்கள் இதழில் சேர்த்தோம். வீணான தாள்களைத் துரைக்கண்ணு தன் கையாலேயே வெட்டுவார், யாரும் சொல்லவேண்டியதில்லை.

வள்ளியின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய் எல்லாம் எடுத்துச் செய்தேன். சாயந்திரம் குமரேசன் புல்புல்தாரா வாசித்தார். மருந்து வேலை செய்திருக்கவேண்டும், விரல்கள் நன்றாகவே ஓடின. நான் எந்த இதழில் வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குத் தெரியுமா? பந்தியில் என் இலைக்கு மட்டும் அவரே வந்து பாயசம் ஊற்றினார், இரண்டு முறை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேரும் வரை அவரிடமும் சொல்லவில்லை.

இப்போது மட்டும் ஏன் எழுதுகிறாய் என்று டாக்டரம்மா இருந்தால் கேட்பார். யார் யார் படிப்பார்கள் என்றும் கேட்பார். அதற்குப் பதில் வைத்திருக்கிறேன்.

இது ஆய்விதழ் அல்ல, இங்கே மாற்றலாம். அந்த மனிதர் திருநெல்வேலிக்காரர் இல்லை. திருநெல்வேலிப் பேச்சை எங்கள் வரிசையில் இருந்த வேறொருவரிடமிருந்து கடன் வாங்கினேன். அவர் ஃபிட்டரும் இல்லை, வாசித்தது புல்புல்தாராவும் இல்லை. அவர் முகத்தில் ஒருவர் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டது மீசையை அல்ல. ஆவடியில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, அட, அவரா என்று நினைத்திருந்தால், அவர் இல்லை.

பஜ்ஜிக் கடை நிஜம். நான் வள்ளி என்று பெயர் வைத்த பெண்ணின் கல்யாணம் நடந்ததும் நிஜம்.